செவ்வந்திப்பேட்டையின் மறதி ஆடுகள்

கேட்க வந்தவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவசரப்படாமல் உங்களுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். நீங்கள் எதை மறந்திருக்கிறீர்கள்? சாவியை என்பீர்கள், குடையை என்பீர்கள், கல்யாண வீட்டில் கைகூப்பியவரின் பெயரை என்பீர்கள். மறந்தோம் என்பதாவது அவற்றில் நினைவிருக்கிறது. நான் கேட்பது, மறந்ததையே மறந்துபோன ஒன்றை. அது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. செவ்வந்திப்பேட்டைக்காரர்களுக்கும் அது தெரியாமல்தான் இருந்தது, ஆடுகள் வரத் தொடங்கும் வரை.

முதல் ஆடு ஒரு சந்தை நாளின் காலையில் வந்தது. வாழைமண்டித் தரகர் ஒருவர் தம் மாமனாரின் திதியை மறந்து, சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பியபோது, வாசலில் பழுப்பு நிறக் குட்டி ஒன்று நின்று அவர் முகத்தைப் பார்த்துக் கத்தியது. விரட்டினார், போகவில்லை. கல்லெடுத்தார், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. உள்ளிருந்து அவர் மனைவி, "ஏங்க, இன்னைக்கு எங்கப்பா திதியாச்சே, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்க, அவருக்கு நெஞ்சில் சுருக்கென்று அது தைக்க, அந்தக் கணமே குட்டி உலைமூடியைத் திறந்தால் எழும் ஆவியைப்போல மெல்ல மேலேறிக் கரைந்து, தரையில் நான்கு குளம்புகளின் ஈரத்தை மட்டும் விட்டுச் சென்றது. தரகர் அந்த ஈரத்தைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு பொத்தானைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறந்தவை அன்று முதல் ஆடுகளாகி, மறந்தவரின் வாசலுக்கே வந்து நின்றன. சிறிய மறதிக்குக் குட்டி, பெரிய மறதிக்குக் கிடா. ஊர் அதைப் பெரிய சங்கதியாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் வந்தால் கொடியில் காயும் துணியை உள்ளே இழுப்பதுபோல, ஆடு வந்த வீட்டில் பூந்தொட்டிகளை மாடிக்கு ஏற்றினார்கள். அகத்திக்கீரை விலை கூடியது. தேர்வு நாட்களில் பிள்ளைகளின் பின்னால் வந்த குட்டிகளைப் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே கட்டச்சொல்லித் தலைமையாசிரியை உத்தரவிட்டார். கணக்குத் தேர்வன்று மதிலில் இடம் போதவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனவர்கள், கை கழுவப் போகும் சாக்கில் கொல்லைப்புறம் எட்டிப் பார்த்து, கட்டியிருந்த ஆடுகளின் அளவை மனத்தில் குறித்துக்கொண்டு திரும்பினார்கள். வார்டு உறுப்பினர் ஒருவரின் தெருவில் ஆடுகள் நிறைந்து மினி பஸ் திரும்ப முடியாமல் போனது. மக்கள் அங்கே திரண்டு, ஒவ்வோர் ஆட்டின் கொம்பையும் பிடித்து, "இது எங்க தெருக் குழாய்ங்க, இது எங்க சாக்கடைங்க" என்று எடுத்துச் சொல்ல, அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்; ஓர் ஆடுகூடக் குறையவில்லை. பிறர் சொல்லக் கேட்பது நினைவாகாது, உள்ளே தானாக அது எழவேண்டும் என்பதை ஊர் அன்றுதான் விளங்கிக்கொண்டது.

ஆடுகள் வந்த பிறகுதான், நினைவு என்பது வாங்கி வந்த வரமன்று, நாள்தோறும் செய்யவேண்டிய ஒரு வேலை என்பதும் ஊருக்கு உறைத்தது. புதிய பெயர் ஒன்றைக் கேட்டால் அதற்கு ஒரு வேடிக்கையான உருவத்தைக் கட்டிவிட்டார்கள். வங்கிக்குப் புதிதாக வந்த தாமரைச்செல்வனின் சட்டைப் பையில் ஒரு தாமரை பூத்து நீர் சொட்டுவதாக நினைத்துக்கொண்டவர்கள் அந்தப் பெயரைப் பிறகு மறக்கவேயில்லை. நீளமான எண்களைச் சிறு சிறு துண்டுகளாக்கி, கும்மிக்குக் கைதட்டுவதுபோலத் தட்டிச் சொன்னார்கள். படுக்கும்முன் அன்றைய பகலைப் பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை உருட்டிப் பார்த்தார்கள். கற்றதை அன்று மாலை ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என்று இடைவெளி விட்டுத் திரும்ப எடுத்தார்கள், நட்ட நாற்றுக்குத் தண்ணீர் விடுவதுபோல.

இந்த வித்தைகளில் பாதி பவளக்கொடியின் மாவு மில்லில் பிறந்தவை.

பவளக்கொடி தன் தகப்பனாருக்குப் பிறகு மில்லை நடத்தி வந்தவள். வரிசையாக வைத்துவிட்டுப் போகும் தூக்குவாளிகளிலும் டின்களிலும் எது யாருடையது, எதைச் சன்னமாக அரைக்கவேண்டும், எதைக் கொரகொரவென்று விடவேண்டும் என்பதை அவள் எங்கும் எழுதியதில்லை. கோதுமை தந்தவளைத் தெருமுனைத் தபால்பெட்டியின்மேல் உட்கார வைப்பாள். மல்லி தந்தவரை அதற்கடுத்த தண்ணீர்த்தொட்டியில் நீந்த விடுவாள். மிளகாய் தந்த தையல் டீச்சரை டிரான்ஸ்பார்மருக்கடியில் நிறுத்தி இடைவிடாமல் தும்ம வைப்பாள். எல்லாம் மனத்துக்குள்தான். மாலையில் அந்தத் தெருவில் மனத்தால் ஒருமுறை நடந்தால், ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் உட்கார்ந்தோ நீந்தியோ தும்மியோ தத்தம் டின்னைக் கேட்பார்கள். அரைக்க வந்து காத்திருந்த பெண்கள் இந்த நடையைக் கற்றுக்கொண்டு போய்த் தத்தம் தெருக்களில் நடந்தார்கள். ஊரெங்கும் ஆடு கத்திய நாட்களிலும் பவளக்கொடியின் வாசல் துடைத்த பலகைபோல இருந்தது. அவளுக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

அந்த ஆடியில் ஒரு காரியம் நடந்தது. டீக்கடைக் குருசாமி, வாசலில் நெடுநாள் நின்ற மறதிக்கிடா ஒன்றைக் கருப்பசாமி படையலுக்குக் கொடுத்தார். "என்னன்னு தெரியாம தீனி போட்டு மாளல, சாமிக்காவது ஆகட்டும்" என்றார். வெட்டினார்கள், சமைத்தார்கள். நனைந்த காகிதத்தைத் தின்பதுபோலிருந்தது கறி. அடுத்த வாரம் குருசாமியின் தம்பி திருப்பூரிலிருந்து வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தான். குருசாமி அவனைப் பார்த்து, "சக்கரை போடலாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். தம்பியும் "கம்மியா போடுங்க" என்றான். இருவரும் மழையைப் பற்றிச் சிறிது பேசினார்கள். டீ குடித்தவன், இந்த ஊருக்கு எதற்காக வந்தோம் என்று விளங்காமல், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குருசாமியின் மனைவி கையிலிருந்த சட்டியை நழுவவிட்டாள். அவள் இரண்டு பேரிடமும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். யாருடைய கதையையோ கேட்பதுபோல இருவரும் தலையாட்டினார்கள். வெட்டிய ஆடு திரும்பி வராது. மறந்தவரிடமிருந்து மட்டுமல்ல, அந்த நினைவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடமிருந்தும் அது அறுந்துபோகிறது.

அடுத்த ஆடிக்குச் சில வாரங்கள் இருக்கையில், பவளக்கொடியின் வாசலில் ஒரு கிடா வந்து நின்றது. கரியது, இடுப்புயரம், வளைந்த கொம்பு. அது கத்தவில்லை. மில்லின் பெல்ட் ஓடுகிற திசையைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டு நின்றது.

கீரைக்காரி மரியபுஷ்பம்தான் முதலில் பார்த்தவள். பவளத்துக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தோழி. கூடையை இறக்கிவைத்துக் கிடாவை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஏ பவளம்! ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவ வாசல்ல எருமைக்கன்னு கணக்கா ஒண்ணு நிக்குதே! என்னத்தடி மறந்த? போன பிறவியையா?"

"வாய மூடு புஷ்பம். ரெண்டு கட்டு கீரையப் போட்டுட்டு நடையக் கட்டு."

"ரெண்டு கட்டா? இது வயித்துக்கு என் கூடையே பத்தாது. எனக்கு நல்ல காலந்தான் போ."

பவளக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தகணம் பயம் வந்தது. தாய் தகப்பன் இறந்த நாட்களைச் சொல்லிப் பார்த்தாள். மகன் பிறந்த நேரத்தை, கல்யாணத்துக்கு வந்தவர்களின் பெயர்களை, பள்ளியில் படித்த செய்யுள்களைச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தன. கிடாவும் அப்படியே இருந்தது.

அவள் கணவர் சௌந்தரபாண்டி மினி லாரி ஓட்டுகிறவர். யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். ஒருநாள் சாப்பிட்டுக் கையைத் துடைத்தபடி மெதுவாகத் தொடங்கினார்.

"இந்த வருசம் படையல் கிடா நம்ம தெரு முறை."

"தெரியுங்க. சந்தையில பாருங்க."

"சந்தையில எங்க ஆடு? எது நிச ஆடு, எது மறதி ஆடுன்னு தெரியாம ஏவாரிங்க வர்றதையே விட்டுட்டாங்க. அதான்... கமிட்டியில கேட்டாங்க... நம்ம வாசல்ல நிக்கிறதையே குடுத்துர்றோம்னு சொல்லிட்டேன்."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "குருசாமி அண்ணனப் பாத்துமா சொன்னீங்க?"

"அவருக்கு என்ன குறைச்சல்? டீ ஆத்துறாரு, சிரிக்கிறாரு, நல்லாத்தான இருக்காரு."

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு."

சௌந்தரபாண்டி தட்டைப் பார்த்தார். "சாமிக்குச் சொன்ன சொல்லு பவளம். மாத்திப் பேசுனா தெருவே என்னைப் பேசும். வெள்ளிக்கிழமை படையலுக்குள்ள நீ கண்டுபிடிச்சிட்டா ஆடு தன்னால போயிரும், எனக்கும் பழி இல்ல. நீ கண்டுபிடிக்காதத வேற யாரு கண்டுபிடிக்கப் போறா?"

இவ்வாறு, எது என்று தெரியாத ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தேடிப்பிடிக்கும் பொறுப்பு அவள்மீது விழுந்தது. தவறினால் அது அவளுக்கும், மறுமுனையில் இருக்கும் யாரோ ஒருவருக்கும், இல்லவே இல்லை என்று ஆகிவிடும். வேலை செய்கிற கையோடு அவள் தேடினாள். தபால்பெட்டி, தண்ணீர்த்தொட்டி, டிரான்ஸ்பார்மர் என்று தன் தெருவின் ஒவ்வோர் இடத்தையும் மனத்தால் புரட்டினாள். அங்கெல்லாம் அவள் வைத்தவைதான் இருந்தன. வைக்காதது எப்படி இருக்கும்?

வியாழக்கிழமை மரியபுஷ்பம் கீரையோடு வந்து, மில் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பவளக்கொடி பெல்ட்டை மாட்டிக்கொண்டே, எதையோ பேசத் தொடங்கி, வழக்கம்போல அக்காவிடம் வந்து சேர்ந்தாள். வெள்ளைத்தாய் அவளுடைய ஒரே அக்கா. இரண்டு தெரு தள்ளி இருப்பவள். வெள்ளைத்தாய் புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று, விருந்துக்கு மிளகாய்த்தூள் குறைகிறதென்று அவசரமாகச் சொல்லியனுப்ப, பவளக்கொடி விடிந்ததிலிருந்து நின்று அரைத்து, தூளைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, பசியோடு அப்படியே பந்தியில் உட்கார்ந்தாள். அவள் சேலையிலிருந்து பறந்த நெடியில் பந்தியே தும்மியது. அப்போது வெள்ளைத்தாய், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி ஒரு சொல் சொன்னாள். அன்று எழுந்து போனவள்தான் பவளக்கொடி. பல வருடமாயிற்று, தங்கை அந்தப் படியை மிதிக்கவில்லை.

"கத்தரிப்பூக் கலர் சேலை கட்டியிருந்தா. கையில பாயச வாளி. எனக்கு இந்தப் பக்கம் ரெண்டாவது இலையில அத்தை. என்ன சொன்னா தெரியுமா? 'ஏண்டி, மில்லுத் தூசியோட அப்படியே பந்தியில வந்து உக்காந்துருவியா? எந்திரி! குளிச்சிட்டு வா, இல்லேன்னா வீட்டுக்குப் போ!' அவளுக்காக அரைச்ச தூசி புஷ்பம், அவளுக்காக!"

"தெரியும்டி. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. அங்க பாரு."

கிடா அசைபோடுவதை நிறுத்திவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது.

"நீ இந்தக் கதைய எடுக்குறப்பெல்லாம் அது மூஞ்சியத் திருப்பிக்குது. நானும் இந்த வாரம் பூரா பாக்குறேன்" என்றாள் மரியபுஷ்பம். "ஆமா, இத்தன வருசம் ஒரு சொல்லு பிசகாம இத எப்படி வச்சிருக்க?"

"நான் எங்க வச்சேன்? தன்னால நிக்குது."

"தன்னாலயா! காலையில பெல்ட் மாட்டுறப்ப ஒருக்கா, கஞ்சி குடிக்கிறப்ப ஒருக்கா, வெளக்கேத்துறப்ப ஒருக்கா. சேலைக் கலர் வச்சிருக்க, வாளி வச்சிருக்க, இலை வரிசை வச்சிருக்க. தண்ணி ஊத்தி ஊத்தி மரமாக்கிட்டு, தன்னால நிக்குதாம்ல! எங்களுக்கு நீ சொல்லிக்குடுத்த வித்தை பூராவையும் உங்கக்கா திட்டுன திட்டுலதான்டி பண்ணி வச்சிருக்க."

பவளக்கொடியின் கை பெல்ட்டின்மேல் அப்படியே நின்றது.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்துகிறேன். நினைவு நல்லதென்றும் தீயதென்றும் அறியாது. அது பணிவுள்ள வேலையாள். நாம் எதைத் திரும்பத் திரும்பக் கையில் கொடுக்கிறோமோ அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி முன்வரிசையில் வைக்கும். எதைக் கொடுக்காமல் விடுகிறோமோ அதைத் தூசியில் தள்ளும். நம்மில் யார்தான் ஞாபகசக்தி இல்லாதவர்? அவமானத்தைப் பயிற்சி செய்வதில் நாம் அனைவரும் பண்டிதர்கள். அதே இடம், அதே உருவம், அதே இடைவெளி விட்ட திருப்பம். ஒரு நாளாவது அதைப் பிறர் நமக்குச் செய்த ஓர் உதவிக்குச் செலவிட்டிருக்கிறோமா? பவளக்கொடி அன்று பகல் முழுவதும் இதைத்தான் யோசித்தாள். தவறான தெருவில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை முற்பகலில் கிடாவை மஞ்சள் நீரில் குளிப்பாட்டி, மாலை போட்டு, கருப்பசாமி கோயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த ஊரில் கிடாவின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறவேண்டும். அதைத் துலுக்குதல் என்பார்கள். கிடா துலுக்கினால்தான் சாமி உத்தரவு. துலுக்காமல் கத்தியைத் தொடக்கூடாது. பூசாரி காசிமாயன் வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார். கிடா பேசாமல் நின்றது. மறுபடி தெளித்தார். அது கண்ணை மட்டும் மூடித் திறந்தது.

"துலுக்க மாட்டேங்குதே!"

"சொம்பு பத்தாதுய்யா, கொடத்தோட ஊத்துங்க."

"அதுக்குக் குளிர்றதே மறந்துபோச்சு போல."

கூட்டம் சிரித்தது. சௌந்தரபாண்டி மட்டும் சிரிக்காமல் மனைவியைப் பார்த்தார். அவள் சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து, கண்களை மூடி நின்றிருந்தாள்.

அவள் தன் தெருவை விட்டுவிட்டு, தான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். இம்முறை அவள் கேட்ட கேள்வி வேறு: இந்த இடத்தில் அக்கா எனக்கு என்ன செய்தாள்? தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. அடுப்படிக்குப் போனாள்; அக்கா முறுக்கைப் பிட்டுச் சிறிய பாதியைத் தந்தது கிடைத்தது. அது நினைவில் இருந்ததுதான். பின்வாசலைக் கடந்தாள். முற்றத்துக்கு அப்பால் அப்பாவின் மில். அங்கே அவள் கால் நின்றது. ஐந்து வயதுக் குழந்தையின் கால் அது. பக்கத்தில் பூசாரி மூன்றாம் முறையாகத் தண்ணீர் தெளிக்கும் ஓசை கேட்டது. அவள் மனத்தால் மில்லின் கதவைத் தள்ளினாள்.

உள்ளே பெரிய சக்கரம் சுழன்றது, பெல்ட் மேலும் கீழும் அடித்தது, மாவு பொழிந்தது, அப்பா வாயசைத்து ஏதோ சொன்னார். ஆனால் சத்தமே இல்லை.

அவள் திகைத்தாள். மில்லில் சத்தம் இல்லாமல் எப்படி இருக்கும்? இன்றைய மோட்டாரைப்போல அல்ல, பழைய ஆயில் எஞ்சின், சுவரே அதிரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவள் வீறிட்டு அழுதது இப்போது நினைவுக்கு வந்தது. பிறகு ஏன் இந்த அமைதி? அவள் அந்த அமைதிக்குள்ளேயே நின்றாள், அவசரப்படாமல் நின்றாள். அப்போது இரண்டு காதுகளிலும் மெல்ல ஒரு வெதுவெதுப்பு பரவியது.

இரண்டு உள்ளங்கைகள். புளியும் விளக்கெண்ணெயும் மணக்கும் சிறிய உள்ளங்கைகள். பின்னால் அக்கா. தங்கையின் உச்சந்தலையில் மோவாயை ஊன்றி, தங்கையின் காதுகளைத் தன் கைகளால் பொத்தி, அவள் எடுத்து வைக்கும் அடியிலேயே தானும் அடிவைத்து, நான்கு கால்களுள்ள ஒரே உயிரைப்போல, அப்பாவுக்கான சோற்று வாளியைத் தங்கை கையில் தூக்க விட்டு, மத்தியானந்தோறும் அந்த இரைச்சலுக்குள் நடத்திக்கொண்டு போனாள், தங்கைக்குப் பயம் தெளியும் வரை. பயம் தெளிய வெகுகாலம் பிடித்தது. அத்தனை காலமும் அக்காவின் காதுகளை யார் பொத்தினார்கள்?

யாரும் பொத்தவில்லை. சிறுவயதில் மெல்லிய குரலில் பேசியவள் அக்கா. வரவர அவள் குரல் உயர்ந்தது. பேசுகிறவரின் உதட்டையே பார்த்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவள் சுபாவம் அது, சத்தக்காரி என்று ஊர் சொன்னது; தங்கையும் சொன்னாள். பந்தியில் அன்று வெள்ளைத்தாய் தங்கையின் காதோடு சொல்வதாகத்தான் நினைத்திருக்கவேண்டும். அவள் காதுக்கு அது மெதுவான பேச்சு.

பவளக்கொடி கண்ணைத் திறந்தாள். கிடா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கொம்பிலிருந்து வால்வரை, மாலை அறுந்து தெறிக்க, ஒரு பெரிய துலுக்கல் துலுக்கியது. மஞ்சள் நீர் கூட்டத்தின் முகத்தில் எல்லாம் சிதறியது. அந்தத் துளிகளோடு கிடாவும் சிதறி, ஆவியாகி, கோயில் வேம்பின் கிளைகளுக்கிடையே ஏறிப் போயிற்று.

"துலுக்கிருச்சு! துலுக்கிருச்சு!"

"துலுக்குச்சு சரிய்யா. ஆடு எங்க?"

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். காசிமாயன் முகத்தைத் துண்டால் துடைத்து, கத்தியைக் கீழே வைத்து, நிதானமாகச் சொன்னார்: "உத்தரவு குடுத்தாரு, கிடாவையும் அவரே நேரா வாங்கிக்கிட்டாரு. நமக்கு வேலை மிச்சம். போய் ரெண்டு பூசணிக்காய் கொண்டாங்க." அந்த வருடம் படையலுக்குப் பூசணிக்காய்ச் சாம்பாரும் சோறும். கறிக்கென்று பட்டினி கிடந்து வந்தவர்கள் சௌந்தரபாண்டியை நெடுநாள் விடாமல் ஏசினார்கள். அவர் அதைப் பெரிய மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

பவளக்கொடி சாம்பாருக்கு நிற்கவில்லை. முகத்தில் தெறித்த மஞ்சள் நீரைக்கூடத் துடைக்காமல் நடந்து, இரண்டு தெரு கடந்து, அக்கா வீட்டுப் படியை மிதித்தாள். வெள்ளைத்தாய் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அருகே கம்பிக்கதவில் ஒரு வெள்ளைக்குட்டி கட்டியிருந்தது.

"யாரது? பவளமா? என்னடி, வழி தெரிஞ்சிருச்சா?" தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். "ஏண்டி இத்தன வருசம் வரல? நான் என்னடி பண்ணேன்? யாரக் கேட்டாலும் வாயத் திறக்க மாட்டேங்குறாங்க! இங்க பாரு, இது வேற வந்து நிக்குது. என்னத்த மறந்தேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. உனக்கு ஏதாச்சும் தெரியுமாடி?"

பவளக்கொடி குட்டியைப் பார்த்தாள். அது அவளை முகர்ந்தது. உடனே தலையை உலுக்கித் தும்மியது, மறுபடி தும்மியது, நிறுத்தாமல் தும்மியது.

அது பந்தியில் அக்கா சொன்ன சொல்லின் மறதி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சொற்கள் அத்தனையும் ஒன்றுகூடக் குறையாமல், பல வருடம் துடைத்துத் துடைத்து மின்னியபடி, நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஒருமுறை சொன்னால் போதும், அக்காவுக்கு நினைவு எழும், குட்டி கரையும், அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்பாள். இத்தனை வருடமும் அவள் காத்திருந்தது அதற்காகத்தான். அவள் அந்தச் சொற்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, அக்காவின் எதிரே, உதடு தெரியும்படி உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியலக்கா. சின்னக் குட்டிதான. வர்ற ஆடிக்கு உங்க தெரு முறை. அதையே கருப்பனுக்குக் குடுத்துரு அக்கா. கறிதான் ருசிக்காது."

"குருசாமிக்கு ஆன மாதிரி ஆயிருமேடி? யாருக்காச்சும் ஏதாச்சும் அத்துப்போனா?"

"போகட்டும்க்கா. இது அத்துப்போனா அழறதுக்கு ஆள் இல்ல." அவள் வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அக்கா, அப்பாவுக்குச் சோறு கொண்டு போவோமே..."

"மறப்பேனா! நீ அந்த எஞ்சின் சத்தத்துக்கு அப்படிக் கத்துவ. உன் காதப் பொத்திக்கிட்டே தள்ளிட்டுப் போவேன், நீ என் காலையெல்லாம் மிதிச்சு வைப்ப" என்று வெள்ளைத்தாய் ஊருக்கே கேட்கச் சிரித்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து, "வெங்காயம் கண்ணுல பட்டுருச்சா? தள்ளி உக்காருடி" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. இனி உங்கள் காரியம்.

உங்கள் ஊரில் ஆடுகள் வருவதில்லை. ஆகவே உங்களுக்கு எச்சரிக்கையும் இல்லை, வெள்ளிக்கிழமை என்று ஒரு கெடுவும் இல்லை. அதனாலேயே உங்கள் அவசரம் அவர்களுடையதைவிடப் பெரியது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை முதுமையில் தளர்ந்துகொண்டிருக்கலாம், நோயில் நழுவிக்கொண்டிருக்கலாம். இன்று, பொழுது சாய்வதற்குள், எங்காவது ஓரிடத்தில் தனியாக உட்காருங்கள். நீங்கள் வளர்ந்த வீட்டின் வாசலில் மனத்தால் நில்லுங்கள். ஒவ்வோர் அறையிலும், நீங்கள் யார்மீது கோபமாக இருக்கிறீர்களோ அவர் பெயரைச் சொல்லி, இங்கே இவர் எனக்கு என்ன நன்மை செய்தார் என்று கேளுங்கள். உடனே கிடைக்காது; அமைதியாக நின்றால் கிடைக்கும். கிடைத்ததை ஓர் இடத்தில் வையுங்கள், ஓர் உருவம் கொடுங்கள், மாலையில் ஒருமுறையும் நாளை ஒருமுறையும் தொட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கும் முன்பாக, அது நெஞ்சில் சூடாக இருக்கும்போதே, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடங்கள். நல்ல நாள் பார்க்காதீர்கள், அவர் முதலில் வரட்டும் என்று உட்காராதீர்கள், நாளை என்று சொல்லாதீர்கள். கதை கேட்டது போதும். எழுந்திருங்கள், இப்போதே கிளம்புங்கள்.